டார்னெய்ட் பிரபுவின் குடும்பப் படம்

1

என் தம்பி குமரன் இப்போது ஒரு இங்கிலீஷ் பிரபு. மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், டார்னெய்ட்டில் இருக்கும் அவனுடைய மாடி வீட்டு வரவேற்பறைச் சுவரில், தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் சிவப்பு வெல்வெட் கோட்டும் வெள்ளைப் பொய்முடியுமாக நிற்கிறான். வலது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே பாதி நுழைத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் காடு, குளம், தூரத்தில் ஒரு மாளிகை. நிஜத்தில் இந்த வீட்டுக்குப் பின்னால் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தகர வேலியும் வண்ண மூடி போட்ட குப்பைத் தொட்டிகளும்தான்.

படம் வாட்ஸப்பில் ஊருக்குப் போயிற்று. "ராஜகுடும்பம் மாதிரி இருக்கு" என்று சொந்தக்காரர்கள் கைகூப்பும் பொம்மைகளை அள்ளிப் போட்டார்கள். பாளையங்கோட்டையில் என்னிடம் படித்த ஒரு பெண் மட்டும், "மேடம், இதுல நீங்க எங்க?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் இரண்டு வரியில் அடங்குகிற சாமான் இல்லை. எனவே எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

2

என் பெயர் கோமதி. பெண்கள் கல்லூரி ஒன்றில் ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது குமரன் ஒருவன். அவனுக்கு இரண்டாவது பிள்ளை ஆதி பிறந்தபோது, "ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போக்கா" என்றான். வந்தேன். ஆதி இப்போது இரண்டாம் வகுப்பு.

ஆறு மாதம் எப்படி இத்தனை வருஷம் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வசதியாக இருந்தது, எனக்குப் பழகிவிட்டது. நிரந்தர விசாவுக்கு மனுப் போட்டோம். சொந்த நாட்டில் நெருங்கிய உறவு யாரும் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். இருப்பதை நிரூபிக்கலாம், இல்லாததை எப்படி நிரூபிப்பது? செத்தவர்களின் சான்றிதழ்களையெல்லாம் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்பினோம். வரிசை நீளமாக இருக்கிறது, பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் உயிரோடு இருக்கும்போது முறை வராது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அந்த விசாவின் பெயரே 'எஞ்சிய உறவினர்'. சட்டியில் மீந்த பழைய சோறு மாதிரி.

காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டுவேன். ஆதியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போவேன். போகிற வழியில் அவன் இங்கிலீஷில் கதை சொல்வான், நான் தமிழில் கேள்வி கேட்பேன், அவன் இங்கிலீஷிலேயே பதில் சொல்வான். பெரியவள் நிலாவுக்குப் பதினாறு வயது. அவளிடம் எஞ்சியிருக்கும் தமிழ் 'அத்தை' ஒன்றுதான். அதையும் ஏதாவது தேய்க்கக் கொடுக்கும்போதுதான் எடுப்பாள். மலையடிவாரத்தில் த பேசின் என்கிற இடத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு கார் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே என் சாமியும் குமரனுக்கு லீவு கிடைத்தால்தான் கண்ணைத் திறக்கும்.

என் தம்பி மனைவி வித்யா எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். "மதினி இல்லன்னா எங்க வீடே ஓடாது" என்று விருந்தாளிகளிடம் என்னை மெச்சிப் பேசுவாள். பேசிக்கொண்டே இருப்பாள், நான் காபித் தட்டோடு நின்றுகொண்டே இருப்பேன்.

3

அவர்களுடைய இருபதாவது கல்யாண நாள் வந்தது. குமரன் வேலையிலும் ஒரு படி ஏறியிருந்தான். இரண்டுக்கும் சேர்த்து விருந்து, அதில் ஒரு குடும்பப் படம் திறப்பது என்று முடிவாயிற்று. சாதாரண போட்டோ இல்லை. இணையத்தில் ஒரு கடை இருக்கிறதாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குடும்பப் படங்களை வரிசையாகக் காட்டுவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நம் முகங்களை அனுப்பினால், அந்தப் பழைய உடம்புகளின்மேல் நம் தலைகளைக் கையாலேயே வரைந்து அனுப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்த ஆசை இது.

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இருந்தது, அந்த நூற்றாண்டைத்தான் வருஷா வருஷம் நடத்தினேன். அந்தப் படங்களில் பொய் இல்லாத அங்குலம் குறைவு. பேர்பெற்ற ஓவியர் முகத்தை மட்டும் வரைவார். மற்றதில் பாதியைப் பட்டறை ஆட்கள் முடிப்பார்கள். பட்டுக்கும் சரிகைக்கும் என்றே தனி ஆள் உண்டு. சீமாட்டி வீட்டில் இருப்பாள், அவள் கவுன் மட்டும் வண்டியேறிப் போய் ஓவியருக்கு முன்னால் ஒரு மரப் பொம்மையின்மேல் உட்கார்ந்திருக்கும். சொந்தமாக நல்ல உடுப்பு இல்லாதவர்களுக்கு ஓவியரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். தலை மட்டும் என்றால் ஒரு விலை, இடுப்பு வரை என்றால் வேறு, கால் வரை என்றால் சொத்தில் ஒரு துண்டு. ஏழைகள் ரொட்டிக்கு அடித்துக்கொண்டிருந்த ஊரில் கோதுமை மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார்கள்.

ரொம்பச் சிரிக்கவும் முடியவில்லை. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். பட்டம் வாங்கியவன், பெண் பார்க்கப் போகிறவன், சிங்கப்பூருக்குப் போகிறவன் எல்லோருக்கும் அதே கோட்டுதான். குண்டானவர்களுக்கு முதுகுப் பக்கம் தையலைப் பிரித்துவிட்டிருந்தார்கள், ஒல்லியானவர்களுக்குத் துணிக் கிளிப் மாட்டுவார்கள். என் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் கூடத்துச் சுவரில் ஆபீசர் மாதிரி இருந்தார். அவர் ரேஷன் கடையில் எடை போட்டவர். அந்தக் கோட்டு எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக் கூடத்தில் தொங்கியது என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரன் போனோடு சமையலறைக்கு வந்தான். "அக்கா, இந்தப் பக்கம் திரும்பு. தலையைக் கொஞ்சம் சாய். கீழ பாரு" என்றான்.

"எனக்கு எதுக்குல?"

"எதுக்கா? நீயும் படத்துல இருக்க. நாலு பேர் இல்ல, அஞ்சு பேர்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் நேர்மை இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவன் சொன்னபடியெல்லாம் சாய்ந்தும் குனிந்தும் நின்றேன். அன்று முழுக்க அந்த 'அஞ்சு பேர்' என் காதில் இருந்தது. விசா கொடுக்காத இடத்தை ஒரு படமாவது கொடுக்கிறதே என்று நினைத்தேன்.

4

கடைக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி அனுப்பினார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குமரன் அதைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான்.

அவனைத்தான் முதலில் சொன்னேனே. வித்யா நீலப் பட்டுக் கவுனில், முத்துச் சரத்தோடு, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள். நிலா இளஞ்சிவப்பு இடைப்பட்டையோடு தாயின் தோளைத் தொட்டு நின்றாள். ஆதி பிரபுவின் பக்கத்தில், ஒரு வேட்டை நாயின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தான். நாலு பேருக்கும் கடைக்காரர்கள் நாலு கைப் பவுடர் அப்பினாற்போல நிறத்தை வெளுத்துவிட்டிருந்தார்கள்.

நான் இடது ஓரத்தில், திரைச்சீலையின் நிழலில் இருந்தேன். தலையில் வெள்ளை மஸ்லின் முக்காடு. வெறும் கால். குனிந்து, ஆதி விழுந்துவிடாமல் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் நிறத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை.

"பாத்தியாக்கா!" என்று குமரன் கைதட்டினான். "உனக்குப் புடவையே இருக்கு! மத்த எல்லாப் படத்துலயும் எல்லாருக்கும் கவுன்தான். நீ கவுன் போட்டா நல்லாவா இருக்கும்? தேடித் தேடி இதைப் பிடிச்சேன்."

உண்மையாகவே மகிழ்ந்துதான் சொன்னான். ஒரு இங்கிலீஷ் படத்தில் புடவை கட்டிய பெண்ணைப் பார்த்ததும், ஆகா, நம் கலாசாரத்துக்கு அந்தக் காலத்திலேயே மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்று புல்லரித்திருக்கிறான். இந்தத் தப்பை ஒரு வெள்ளைக்காரன் செய்ய முடியாது. பட்டம், சீதனம், ஐ.டி. வேலை, டார்னெய்ட்டில் மாடி வீடு எல்லாம் வாய்த்த நம்மவனால்தான் முடியும்.

"குமரா, இது யாருன்னு தெரியுமால உனக்கு?"

"யாரோ பாட்டி மாதிரி..."

"வெள்ளைக்காரன் வீட்டுக்கு எந்த ஊர்லருந்துல முக்காடு போட்ட பாட்டி வருவா? கம்பெனி வேலைக்குக் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்தவன், பணம் சேர்த்த உடனே குடும்பத்தோட படம் எழுதிக்கிடுவான். இது அவன் பிள்ளையைத் தூக்கி வளத்த ஆயா. நாயை எதுக்கு வரைஞ்சான், குளத்தை எதுக்கு வரைஞ்சான், அதுக்குத்தான் இவளையும் வரைஞ்சான். எங்கிட்ட இவ்வளவு இருக்கு பாருன்னு காட்ட. என் கல்லூரி லைப்ரரிப் புத்தகத்துல இந்த மாதிரிப் படம் இருந்தது. கீழ எல்லாருக்கும் பேர் போட்டிருக்கும், இவளுக்குப் போட்டிருக்காது."

அவன் முகம் கொஞ்சம் இறங்கியது. அந்தக் கணத்தில் அவன் 'ஐயோ' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இத்தனையும் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

"அதெல்லாம் யாருக்குக்கா தெரியப் போவுது?" என்றான்.

வித்யா என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "மதினி, இது சும்மா ஒரு டிசைன். நீங்க எதுக்கு இவ்வளவு பெருசா எடுத்துக்கிடுதீங்க?"

"ஒண்ணுமே இல்லைங்கியா?"

"ஒண்ணுமே இல்ல மதினி."

"அப்ப சரி. உன் மூஞ்சியை அங்க போடச் சொல்லு. என்னை அந்த நீலக் கவுன்ல உக்கார வைக்கட்டும்."

"நானா? நான் எப்படி மதினி..." என்றவள், நிறுத்தத் தெரியாமல் தொடர்ந்தாள். "வேலைக்காரி மாதிரில்லா இருக்கும்? என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வராங்க."

சோபாவில் சாய்ந்திருந்த நிலா ஒரு காதிலிருந்து மட்டும் ஒலிப்பொத்தானை எடுத்துவிட்டு, "மம், யூ ஜஸ்ட் செட் இட்" என்றாள், நீயே சொல்லிவிட்டாயே என்று. பிறகு அதை மறுபடி செருகிக்கொண்டாள். நியாயம் பேசியதோடு அவள் கடமை முடிந்தது.

குமரன்தான் சமாதானத்துக்கு வந்தான். "அப்ப உன்னை எடுத்துறச் சொல்லட்டுமாக்கா? அந்த இடத்துல ஒரு மரம் போட்டுருவாங்க."

ஆயாவாக இரு, இல்லாவிட்டால் மரமாகிவிடு என்கிறான் என் கூடப்பிறந்தவன்.

"என்னை எடுக்காத," என்றேன். "ஒரு நாற்காலி போடு. புடவை இருக்கட்டும், முக்காடு இருக்கட்டும், கறுப்பும் இருக்கட்டும். என்னை உக்கார வை. நான் உன் அக்கா."

"அவ்வளவுதானே? எழுதிடுதேன்" என்றான். என் கையைப் பிடித்துச் சொன்னான்.

5

மெர்சி என்று எனக்கு ஒரு சிநேகிதி. இலங்கையில் மன்னார்க்காரி. வேதக்காரப் பெண். எங்கள் தெருக்கோடியில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் பழக்கம். இந்த விவகாரத்தைச் சொன்னதும், அந்தப் படங்களை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு இருவரும் ரயிலேறி நகரத்துக் கலைக்கூடத்துக்குப் போனோம். அங்கே அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது.

நான் பாடம் நடத்தியதெல்லாம் தபால் அட்டை அளவுப் படங்களை வைத்துத்தான். நேரில் அவை ஆளைவிடப் பெரிதாக, நாம் அண்ணாந்து பார்க்கும்படி மாட்டப்பட்டிருந்தன. பட்டு பட்டாகவே மின்னியது. கிட்டப் போனால் வெறும் வெள்ளைக் கீற்று. திறமையை இல்லை என்று சொல்ல முடியாது. இவ்வளவு திறமையையும் இந்த மூஞ்சிகளுக்குச் செலவழித்தார்களே என்றுதான் எனக்கு எரிந்தது. ஒரு சீமாட்டியின் தோளில் நம் நாட்டுச் சால்வை. இன்னொருத்தியின் கழுத்தில் நம் மஸ்லின். நம் கடலோரத்தில் சாயம் தோய்த்த சீட்டித் துணியைச் சட்டம் போட்டுத் தடுத்தவர்கள் இவர்கள். தடுத்துவிட்டுத் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள்.

மெர்சி ஒரு பிரபுவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ரீச்சர், உந்த மனுசனுக்கு வயித்துக்குத்தோ? ஏன் கையை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு நிக்கிறார்?"

"அது பெரிய மனுஷன் நிக்கிற தோரணையாம் மெர்சி. நிற்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கவே அந்தக் காலத்துல புத்தகம் இருந்தது."

"அங்கால நிக்கிறவரும் அப்பிடித்தான் நிக்கிறார். எல்லாருக்கும் ஒரே குத்து." அவள் கர்த்தர்மேல் ஆணையாகச் சிரிக்காமல் சொன்னாள். காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான்தான் சிரித்தேன்.

கவுனை மட்டும் அனுப்பிவிட்டுச் சீமாட்டி வீட்டிலிருந்த கதையைச் சொன்னேன். மெர்சி யோசித்தாள். "அப்ப அது ஆரின்ர படம் ரீச்சர்? உடுப்பின்ர படம்தானே" என்றாள். கூடத்தின் நடுவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். இருவரும் உட்கார்ந்து கால் வலி தீரும்வரை அந்தப் பிரபுக்களை முறைத்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி எழுதிப்போட்டாரோ?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன்னு சொன்னான்."

"ஓம், ஒரு கதிரைதானே கேட்டனீங்கள். அதுக்கு ஆர் மாட்டன் எண்டு சொல்லுவினம்?"

நானும் அப்படித்தான் நம்பினேன். மெர்சியாவது அவனை நேரில் பார்த்ததில்லை. எனக்கு என்ன கேடு?

6

படம் விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் மரப்பெட்டியில் வந்தது. குமரன் அதை என் கண்ணில் காட்டவில்லை. "சஸ்பென்ஸ்க்கா, எல்லாரும் ஒண்ணா பாக்கலாம்" என்று பட்டுத்துணி போர்த்தி மாட்டிவிட்டான். சின்ன வயதிலும் கண்ணாடி டம்ளரை உடைத்தால் இப்படித்தான் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வீடு நிறைந்தது. வாசலில் செருப்புகள், உள்ளே செண்டு வாசனை. ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கருநீலக் கோட்டு. பெண்கள் பட்டுக்கு மேல் பட்டு. யார் வீட்டில் எத்தனை கார், யார் பிள்ளை நுழைவுத் தேர்வு வைக்கிற எந்தப் பள்ளியில் இடம் வாங்கியது என்று பேச்சு ஓடியது. கலைக்கூடத்தில் பார்த்த கூட்டம் உயிர் பெற்று வந்து சமோசா சாப்பிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. சாப்பாடு வெளியே சொல்லியிருந்தார்கள். பாயசம் மட்டும் நான் வைத்தேன். சேமியாவும் ஜவ்வரிசியும் போட்டு நிதானமாகக் கிண்டினேன். நல்ல மனதோடுதான் கிண்டினேன். நாவல்பழ நிறத்தில் சரிகைக் கரை போட்ட என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குமரனின் மேலதிகாரியும் அவர் மனைவி லின்னும் வந்திருந்தார்கள். லின்தான் துணியை இழுத்தாள். கைதட்டல் எழுந்தது.

நாற்காலி இல்லை.

சிவப்புக் கோட்டு இருந்தது, நீலக் கவுன் இருந்தது, நாய் இருந்தது. நான் அதே ஓரத்தில், அதே நிழலில், அதே வெறுங்காலோடு குனிந்திருந்தேன். அவன் எழுதவே இல்லை. எழுதிக் கேட்டுக் கடைக்காரர்கள் மறுத்திருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பான். அவன் என்னைப் பார்க்கவில்லை, வித்யாவும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை இல்லை, வெறும் ஆத்திரம். தூக்கி வளர்த்த பிள்ளையின் கன்னத்தில் அறையலாமா என்கிற மாதிரியான ஆத்திரம்.

ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன். வந்தவர்கள் முன்னால் அவனைக் குறைத்துவிடக் கூடாது என்கிற பழைய புத்தி அப்போதும் என்னை விடவில்லை.

லின் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நல்ல மாதிரியான பெண்மணி. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இது நீங்கள், இது வித்யா, இது குட்டிப் பையன்" என்று கண்டுபிடித்துச் சிரித்தாள். பிறகு ஓரத்தில் விரலை நீட்டி, "பின்னால் நிற்கும் இந்த அழகான அம்மா யார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

கேள்வி என்னவோ சின்னதுதான். என் அக்கா என்று சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். அப்படிச் சொல்லியிருந்தால் நாற்காலியை நான் மறந்திருப்பேன். நிஜமாகவே மறந்திருப்பேன்.

குமரன் படத்தைப் பார்த்தான், தன் மேலதிகாரியைப் பார்த்தான். "ஓ, அவளா? அது அந்தப் பழைய படத்திலேயே இருந்த ஆள்" என்றான். "அப்படியே விட்டுவிட்டோம்."

நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தேன். படத்துக்குப் பக்கத்தில் போய், சட்டத்தை ஒட்டி, அவர்கள் எல்லோரையும் பார்த்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன். லின் படத்தை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவளுடைய முகம் சிவந்துவிட்டது. யாரோ ஒரு பெண் தமிழில், "இவங்க குமரனோட அக்கால்லா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிலா ஒலிப்பொத்தான் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

குமரன் சிரிக்கப் பார்த்தான். வாய் மட்டும் திறந்தது.

வித்யாதான் ஓடி வந்தாள். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், பல்லுக்கு நடுவே என்னிடம் சொன்னாள். "மதினி, உள்ள வாங்க. பாயசம் எடுத்து வைக்கணும்."

"அவளைக் கூப்பிடு," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "அந்தப் படத்துல குனிஞ்சுக்கிட்டு நிக்கா பாரு, அவகிட்ட சொல்லு. அவ எடுத்து வைப்பா. நான் குமரனுக்கு அக்கா. விருந்துக்கு வந்திருக்கேன்."

திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். லின் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். கோமதி என்றேன். அவள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகினாள். இத்தனை வருஷத்தில் குமரன் வீட்டு விருந்தாளிகளில் ஒருவர் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு என் மனசில் யாருக்கும் இடம் இல்லை.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கரண்டி எந்த இழுப்பில் இருக்கிறது என்று அவர்கள் தேடியிருக்க வேண்டும். நான் சொல்லப் போகவில்லை. பேச்சு மெல்ல மெல்ல மறுபடி தொடங்கிற்று, முன்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக.

கடைசியில் குமரன் ஒரு தட்டில் கிண்ணங்களை வைத்துக்கொண்டு வந்தான். ஓரத்தில் வழிந்திருந்தது. ஊற்றத் தெரியவில்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என் முன்னால் வந்து நின்றான். கோட்டுக் கையில் பாயசம் சிந்திப் பிசுக்கென்று இருந்தது. "அக்கா" என்றான்.

"குனிஞ்சு கொடுல," என்றேன்.

குனிந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். நான் வைத்த பாயசம், நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்தபடியே, அவசரப்படாமல், கிண்ணம் காலியாகும்வரை குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவனை அங்கேயே நிற்க வைத்தேன்.